தண்டுவட மின்தூண்டலில் கால் சூடாகிறது, சரி. ரத்தம் உண்மையிலேயே கூடுதலாகப் போகிறதா?

மயக்கவியல் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். முழங்காலுக்குக் கீழே தமனிகள் அடைத்து, பைபாஸ், பலூன் எதற்கும் வழியில்லாத கால்களுக்குத் தண்டுவட மின்தூண்டல் கருவி பொருத்துவது ஐரோப்பாவில் வெகுகாலமாக நடக்கிறது. லீடு (மின்முனைகள் உள்ள மெல்லிய கம்பி) உட்காருவது 10ஆவது மார்பு முள்ளெலும்பை ஒட்டிய எபிடியூரல் இடைவெளியில், அதாவது தண்டுவட உறைக்கு வெளியே. அடைப்பு இருப்பதோ கணுக்கால் பக்கம். கருவியைப் போட்டதும் பாதம் சூடாகிறது, ஓய்வில் இருந்த வலி குறைகிறது. ஆனால் கணுக்கால் ரத்த அழுத்தம் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில்தான் குழப்பம்.

வலி குறைவதால் பரிவு நரம்பின் (நாளங்களைச் சுருக்கும் நரம்பு) இறுக்கம் தளர்ந்து கால் சூடாகிறதா, அல்லது மின்தூண்டலே நேரடியாக நாளங்களை விரிக்கிறதா? பரிவு நரம்புதான் காரணம் என்றால், இடுப்புப் பரிவு நரம்பை அறுப்பதோ ஃபீனால் ஊசியால் அழிப்பதோ மலிவாயிற்றே, இவ்வளவு விலைக்குக் கருவி எதற்கு? யாருக்குப் பலன் தரும் என்று முன்கூட்டியே அளந்து சொல்ல முடியுமா? வழக்கமான தூண்டலில் வரும் குறுகுறுப்பே தெரியாத 10,000 ஹெர்ட்ஸ் கருவிகளும் ரத்த ஓட்டத்துக்கு உதவுமா?

பாடநூலில் இதற்கு ஒரு பத்திதான் இருக்கிறது. விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

உடலியங்கியல் வாத்தியார்:

உங்கள் முதல் கேள்விக்கு எலிகள் பதில் சொல்லிவிட்டன. ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும் எலிக்கு வலி என்ற பேச்சே கிடையாது. அதன் இடுப்புப் பகுதித் தண்டுவடத்தின் மேல் மின்முனையை வைத்து 50 ஹெர்ட்ஸில் தூண்டினால் பின்னங்கால் பாதத்தில் லேசர் டாப்ளர் அளவு, அதாவது தோலின் ரத்த ஓட்டம், ஏறுகிறது. தசை துடிக்கத் தேவையான மின்னோட்டத்தில் 30, 60, 90 சதவீதம் என்று கூட்டக் கூட்ட, ஏற்றமும் படிப்படியாகக் கூடுகிறது. ஆகவே வலி குறைவது காரணங்களில் ஒன்றாக இருக்கலாம், ஒரே காரணம் அல்ல. விழித்திருக்கும் நோயாளியிடம் அது கூடுதல் வரவு, அவ்வளவுதான்.

நேரடி வழிகள் இரண்டு.

முதல் வழி, உணர்வு நரம்பின் வழியே எதிர்த்திசையில் போவது. பின்வேர்களை (உணர்வு நரம்பு தண்டுவடத்துக்குள் நுழையும் வேர்கள்) தூண்டினால் பின்னங்காலின் நாளங்கள் விரியும் என்பதை 1901இலேயே பெய்லிஸ் காட்டிவிட்டார். உணர்வு நரம்பு செய்தியை உள்ளே கொண்டுவர மட்டுமே என்று படித்தவர்களுக்கு அது அன்றைக்கு விசித்திரமாக இருந்தது. மின்தூண்டலில் நடப்பது இது: தண்டுவடத்தின் பின்பக்கம் மேலேறும் பின்தூணில் உள்ள தடித்த இழைகள் முதலில் கிளர்ச்சி அடைகின்றன. அவற்றின் கிளைகள் பின்கொம்பில் உள்ள இடைநரம்பணுக்களைத் தட்டுகின்றன. அவை மெல்லிய உணர்வு இழைகளின் மையமுனையை மின்முனைப்பு இழக்கச் செய்ய, அங்கே பிறக்கும் துடிப்பு பின்வேர் வழியாக வெளியே பாதத்துக்கு ஓடுகிறது. இழையின் தோல்முனையில் சிஜிஆர்பி என்ற பெப்டைடு கசிகிறது. அது நுண்தமனியின் மென்தசையைத் தளர்த்துகிறது, உட்சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்சைடையும் வெளியே தள்ளுகிறது.

இதற்குச் சான்றுகள் வலுவாகவே இருக்கின்றன. பின்வேர்களை அறுத்துவிட்டால் விரிவு நின்றுபோகிறது. சிஜிஆர்பி ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தாலும், நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தாலும் பெரும்பகுதி போய்விடுகிறது. மிளகாய்க் காரத்தை உணரும் டிஆர்பிவி1 ஏற்பியைச் சுமக்கும் இழைகளை முன்கூட்டியே செயலிழக்கச் செய்தாலும் அப்படியே.

இரண்டாவது வழி, பரிவு நரம்பின் இறுக்கத்தைக் குறைப்பது. ஸ்வீடனில் லிண்டரோத் குழு செய்த எலிச் சோதனைகளில் பரிவு நரம்புமுடிச்சைத் தடுக்கும் மருந்தும், அந்நரம்பின் செய்தியை நாளத்தில் தடுக்கும் ஆல்ஃபா தடுப்பியும் கொடுத்தபோது மின்தூண்டலின் விளைவு காணாமல் போனது. அதாவது ஏற்கெனவே இறுக்கம் இல்லாத இடத்தில் தளர்த்த ஒன்றும் இல்லை.

ஆண்டுக்கணக்காக இந்த இரு முகாம்களும் எதிரெதிராக நின்றதற்கு ஒரு சின்ன விஷயம் காரணம்: தோலின் வெப்பநிலை. பாதத்தைக் குளிர்வித்து 25 டிகிரிக்குக் கீழே கொண்டுபோய்த் தூண்டிய சோதனை 2003இல் வெளிவந்தது. அதில் விரிவு இரண்டு கட்டமாக வந்தது. தொடக்கக் கட்டம் பரிவு நரம்பு தளர்வதால், பிந்தைய கட்டம் சிஜிஆர்பியால். இளஞ்சூடான பாதத்தில் தொடக்கக் கட்டம் இல்லை. குளிர்ந்த பாதத்தில்தான் பரிவு நரம்பு ஓங்கி நிற்கிறது, அதனால் அதை அடக்குவதன் பலனும் அங்கேதான் தெரிகிறது. சோதனைக்கூடத்தின் குளிர்சாதனம் எத்தனை டிகிரியில் இருந்தது என்று சொல்லாத ஆய்வை நம்பாதீர்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

லீடு ஏன் 10ஆவது மார்பு முள்ளெலும்பில் என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாம் இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. ஆகவே 10 முதல் 12 வரையான மார்பு முள்ளெலும்புகளுக்குப் பின்னால் இருப்பது தண்டுவடத்தின் இடுப்புப் பகுதி, அதாவது காலின் உணர்வு இழைகள் நுழையும் இடம். காலுக்குப் போகும் பரிவு நரம்பணுக்கள் கிளம்பும் கீழ்மார்பு, மேல்இடுப்புத் துண்டங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. கைவிரல்களுக்கு என்றால் லீடு கழுத்தில், 4 முதல் 6 வரையான முள்ளெலும்பு மட்டத்தில் போகும்.

10,000 ஹெர்ட்ஸ் பற்றி: குறுகுறுப்பு இல்லை என்றால் பின்தூண் இழைகள் வழக்கமான முறையில் கிளர்ச்சி அடையவில்லை என்று பொருள். நான் மேலே சொன்ன சங்கிலியின் முதல் கண்ணியே அங்கு இல்லை. எலியில் 50, 200 ஹெர்ட்ஸைவிட 500 ஹெர்ட்ஸ் அதிக விரிவு தந்தது உண்மைதான். அதிலிருந்து 10,000க்குத் தாவுவது நியாயமில்லை. அந்தக் கருவிகளுக்கு 2021இல் அமெரிக்காவில் கிடைத்த ஒப்புதல் நீரிழிவு நரம்பு வலிக்கு. ரத்த ஓட்டத்துக்கு அல்ல.

---

பாதம் அளப்பவர்:

ரத்தநாள ஆய்வகத்தில் அளக்கிற வேலையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கணுக்கால் அழுத்தம் மாறாது. மாறும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. அது பெரிய தமனியின் அளவு, மின்தூண்டல் தொடுவதோ நுண்நாளங்களை. மாஸ்ட்ரிக்ட் நகரில் தந்துகிகளை நுண்ணோக்கியில் பார்த்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், திறந்திருக்கும் தந்துகிகளின் எண்ணிக்கையும் அவற்றுள் சிவப்பணுக்கள் ஓடும் வேகமும் கூடியிருந்தன. மேலே அழுத்தம் மாறாமலே கீழே பங்கீடு மாறலாம்.

"கால் சூடாகிறது" என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். விரல்நுனிகளில் தமனியும் சிரையும் நேரடியாகச் சேரும் குறுக்குவழிகள் நிறைய இருக்கின்றன. அவை திறந்தால் தோல் சூடாகும், திசுவுக்கு ஆக்சிஜன் போயிருக்காது. அகச்சிவப்பு வெப்பமானியில் 2 டிகிரி ஏறியது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே விரல் கறுத்துப்போவது இப்படித்தான்.

அளக்க வேண்டியது தோல்வழி ஆக்சிஜன் அழுத்தம். அளக்கும் முறை சரியில்லை என்றால் எண் குப்பை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நோயாளி மல்லாந்து படுத்து, போர்வையோடு, 21 முதல் 23 டிகிரி அறையில் குறைந்தது 15 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். அதற்கு முன் புகையோ காபியோ கூடாது. உணரியைப் புறங்காலில், முதல் இரண்டு விரல்களின் நீளெலும்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒட்டுங்கள். சிரை, எலும்பு மேடு, வீக்கம், தடித்த தோல் ஆகியவற்றின் மேல் வேண்டாம். முடியை மழித்து, ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். வளையத்துக்குள் தொடர்புத் திரவம் 3, 4 சொட்டு. குமிழி இருந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள், காற்றின் ஆக்சிஜன் உள்ளே போனால் எண் பொய்யாக ஏறும். இன்னோர் உணரி காறையெலும்புக்குக் கீழே மார்பில், ஒப்பிடுவதற்கு. சூடு 44 டிகிரி. எண் நிலைபெற 15 முதல் 20 நிமிடம் ஆகும். அவசரப்பட்டு 5ஆவது நிமிடத்தில் படித்தால் தவறு. ரத்தம் குறைந்த தோல் 44 டிகிரியில் கொப்புளம் கட்டும், ஒரே இடத்தில் நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள்.

படுத்த நிலையில் எண் வந்ததும் நோயாளியை உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு இன்னொரு முறை அளவெடுங்கள். இந்த இரண்டாவது எண்தான் கதையைச் சொல்லும். ஈர்ப்பு விசை உதவியதும் ஆக்சிஜன் 15 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏறினால் நுண்நாளங்களில் இன்னும் இருப்பு இருக்கிறது. ஏறவே இல்லை என்றால் திறக்க ஒன்றும் மிச்சமில்லை. மேல்தொட்டி காலியாக இருக்கும்போது குழாயைத் திருகி என்ன பயன்?

படுத்த நிலையில் புறங்கால் 30 மி.மீ.க்கு மேல் இருந்தால், நல்ல புண் பராமரிப்பில் தானாக ஆற வாய்ப்புண்டு. 10 மி.மீ.க்குக் கீழே போய், உட்கார்ந்தும் ஏறாவிட்டால் மின்தூண்டல் வீண். இடைப்பட்டவர்கள்தான் தேர்வுக்கு உரியவர்கள்.

இப்படித் தேர்ந்தெடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2003இல் வந்தது. புறங்காலில் 30 மி.மீ.க்குக் குறைவு, குறைந்தது 72 மணி நேரச் சோதனைத் தூண்டலில் போதுமான வலி நிவாரணம், வலிக்கும் இடத்தில் 75 சதவீதத்துக்கு மேல் குறுகுறுப்பு. இந்த நிபந்தனைகளில் தேறியவர்களில் ஓராண்டு முடிவில் காலைத் தக்கவைத்தவர்கள் 78 சதவீதம். கருவி வைக்காதவர்களில் 45. தேறாமலே கருவி வைத்தவர்களில் 55. எண்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல அது. சோதனையில் தேறுகிறவர் வேறு எதைச் செய்தாலும் தேறுகிறவராகவும் இருக்கலாம்.

---

நாளக்கத்தி:

நல்லவேளை, கடைசி வரியைச் சொன்னீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

குலுக்கல் முறை ஆய்வுகளில் பெரியது நெதர்லாந்துடையது. 120 பேர், பாதிப் பேருக்குக் கருவி, பாதிப் பேருக்கு மருந்து மட்டும். 1999இல் லான்செட் இதழில் வந்தது. காலைக் காப்பாற்றுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்கு முன் 1995இல் ஸ்வீடனில் 51 பேரிடம் செய்ததிலும் 18 மாத முடிவில் போக்கு தெரிந்தது, உறுதி இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு (2013, ஏறத்தாழ 450 பேர்) சொல்வது: 12 மாதத்தில் ஒரு காலைக் கூடுதலாகக் காப்பாற்ற 9 பேருக்குக் கருவி வைக்க வேண்டும். 17 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வரும், அதாவது 6 பேரில் ஒருவருக்கு. வலி மாத்திரை குறைகிறது. புண் ஆறுவதில் வித்தியாசம் தெரியவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கருவி விற்க வருபவர்கள் தங்கள் படங்களில் போடுவதில்லை.

பிரிட்டனில் நைஸ் அமைப்பு 2008இல் நரம்பு வலிக்கு இதைப் பரிந்துரைத்தது. ரத்த ஓட்டக் குறைவால் வரும் வலிக்கு, ஆய்வின் பகுதியாக மட்டும் என்று நிறுத்திக்கொண்டது. அமெரிக்க ஒப்புதலும் வலிக்குத்தான், கால் ரத்த ஓட்டத்துக்கு இல்லை.

மாணவி கேட்ட பரிவு நரம்பு அறுவைக்கு வருகிறேன். நம் ஊரில் இந்தக் கேள்வி பெரும்பாலும் பியூர்கர் நோயில் வருகிறது. பீடியோ சிகரெட்டோ புகைக்கும் இளவயது ஆண்கள், கணுக்காலுக்குக் கீழே நாளங்கள் அழிந்து, பைபாஸுக்கு இறங்குமிடமே இல்லாமல் வருவார்கள். இடுப்புப் பரிவு நரம்பு அறுவை இவர்களுக்கு வழக்கமாகச் செய்யப்படுகிறது, செலவு குறைவு. ஆனால் அது ஒரு வழியை மட்டும் மூடுகிறது, அதுவும் பலருக்குச் சில மாதங்களில் இறுக்கம் திரும்பிவிடுகிறது. பாதம் அளப்பவர் சொன்ன குறுக்குவழி விரிவுதான் அங்கே மிகுதி. தோல் சூடாகும், தசைக்குப் பெரிதாக எதுவும் போகாது.

பியூர்கர் நோயில் மின்தூண்டலுக்கு ஜெர்மனியிலிருந்து 2005இல் வந்த 29 பேர் தொகுப்பு ஒன்று உண்டு. மிக நல்ல முடிவு, ஒப்பீட்டுக் குழு கிடையாது. அவர்கள் புகையை நிறுத்தினார்களா என்பதே அந்நோயில் பாதிக் கணக்கு. புகைப்பவருக்கு எந்தக் கருவியும் வைக்காதீர்கள். நிகோடின் ஒட்டுப்பட்டையும் புகைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

---

உடலியங்கியல் வாத்தியார்:

நாளக்கத்தி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பரிவு நரம்பு அறுவை ஏற்கெனவே நடந்த காலில் மின்தூண்டல் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பரிவு வழி போய்விட்டது, பின்வேர் வழி அப்படியே இருக்கிறது. சோதனைத் தூண்டல் செய்து பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறாக, நீண்டநாள் நீரிழிவில் மெல்லிய உணர்வு இழைகளும் அழிந்திருக்கும், பரிவு நரம்பும் தானாகவே செத்திருக்கும். இரண்டு வழியும் பலவீனம். வலி குறையலாம், ஓட்டம் கூடாமல் போகலாம். அந்தக் கால்களில் அளவெடுக்காமல் வலியை மட்டும் வைத்துச் சோதனை வெற்றி என்று எழுதுவது ஆபத்து. வலி போன பாதத்தில் அழுகல் பரவுவது நோயாளிக்கே தெரியாது.

---

ஊசிமுனை:

கருவி வைப்பவனின் பக்கம். புத்தகத்தில் லீடு நுழைக்கும் படம் இருக்கும், இந்த நோயாளிகளுக்கே உரிய இடர்கள் இருக்காது. அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

முதல் இடர், ரத்தம் உறையாமைக்கான மருந்துகள். அடைப்புள்ள கால் என்றால் குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், சிலோஸ்டசோல், சிலருக்கு ரிவரொக்சபான் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். எபிடியூரல் லீடு, ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ள வகையில் வருகிறது. அமெரிக்க மண்டல மயக்கவியல் சங்கத்தின் கணக்குப்படி குளோபிடோக்ரெல் 7 நாள், ஆஸ்பிரின் 6 நாள், சிலோஸ்டசோல் 2 நாள், ரிவரொக்சபானும் அபிக்சபானும் 3 நாள், வார்ஃபரின் 5 நாள் நிறுத்தி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) 1.2க்குள் வர வேண்டும். சிகிச்சை அளவு எனாக்சபாரின் 24 மணி நேரம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லீடை உருவும்போதும் கசியலாம், ஆகவே சோதனைக் காலம் முழுக்க மருந்து நிறுத்தத்திலேயே இருக்க வேண்டும். சோதனைக்கு முன் ஒரு வாரம், சோதனை ஒரு வாரம், நிரந்தரக் கருவிக்கு மீண்டும் ஒரு வாரம் என்று போனால், காப்பாற்ற வந்த கால் அந்த இடைவெளியிலேயே அடைத்துக்கொள்ளும். நிரந்தர லீடையே முதலில் வைத்து, நங்கூரமிட்டு, நீட்டிப்புக் கம்பியை மட்டும் தோலுக்கு வெளியே கொண்டுவந்து சோதிப்பது நல்லது. பலித்தால் அதே லீடில் பேட்டரியை இணைத்துவிடலாம், எபிடியூரலுக்குள் ஊசி இரண்டாம் முறை போகாது. நீட்டிப்புக் கம்பியை நீளமான சுரங்கம் வழியாக, நிரந்தரப் பைக்கு எதிர்ப்பக்கம் வெளியே விடுங்கள். அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய மருத்துவர் கையெழுத்து இல்லாமல் குளோபிடோக்ரெலைத் தொடாதீர்கள்.

இரண்டாவது இடர், தொற்று. காலில் திறந்த புண்ணோடு உடலில் உலோகம் வைக்கிறோம். ஈரமான அழுகல் இருந்தால் முதலில் சீழை வெளியேற்றி, இறந்த திசுவை வெட்டி, காய்ச்சலும் சிஆர்பியும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) இறங்கிய பிறகுதான் கருவி. உலர்ந்த சின்ன நுனி அழுகலோ 3 சதுர செ.மீ.க்கு உட்பட்ட புண்ணோ தடையில்லை. பாதி பாதம் போய்விட்டது என்றால் மின்தூண்டலுக்கு நேரம் கடந்துவிட்டது. செஃபாசோலின் 2 கிராம், கத்தி வைப்பதற்கு 60 நிமிடத்துக்குள். புண்ணுள்ள பாதத்தைத் தனியாகச் சுற்றி மூடிவிட்டுப் பிறகு முதுகைச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரிப் பையில் ஆழமான தொற்று வந்தால் மொத்தத்தையும் எடுப்பதுதான் வழி, லீடை மட்டும் காப்பாற்றப் பார்ப்பது எபிடியூரல் சீழில் முடியும்.

மற்றபடி செய்முறை வழக்கமானது. குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணை, லேசான தூக்க மருந்து. பேச்சுக்கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறுகுறுப்பு எங்கே என்று யாரைக் கேட்பது? 14 கேஜ் டுயோகி ஊசி, நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கமாக, 12ஆவது மார்பு முள்ளெலும்புக்கும் முதல் இடுப்பு முள்ளெலும்புக்கும் நடுவிலோ அதற்கு ஒரு படி கீழேயோ, தோலுக்கு 45 டிகிரிக்கும் குறைவான சாய்வில். செங்குத்தாகப் போனால் லீடு வளைவில் மடங்கும். 8 முனை லீடை நேர்ப்படத்தில் நடுக்கோட்டை ஒட்டி, வலிக்கும் காலின் பக்கம் 1, 2 மி.மீ. சாய்த்து மேலே அனுப்புங்கள். பக்கவாட்டுப் படம் எடுக்காமல் விடாதீர்கள். நேர்ப்படத்தில் அழகாக நடுவில் தெரியும் லீடு, பக்கவாட்டில் பார்த்தால் தண்டுவடத்துக்கு முன்பக்கம் போயிருக்கும். தூண்டியதும் கால் உதறினால் அதுதான் காரணம்.

பாதத்துக்குக் குறுகுறுப்பைக் கொண்டுவருவதுதான் வேலையிலேயே கடினம். தொடையில் எளிதாக வரும், பாதத்துக்கு இறங்காது. லீடை ஒரு முள்ளெலும்பு கீழே, 11 அல்லது 12க்கு இழுங்கள். பாத இழைகள் பின்தூணில் நடுக்கோட்டுப் பக்கம் ஓடுபவை, ஆகவே லீடு பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் விலா, வயிறு, வேர் என்று எங்கெங்கோ பிடிக்கும், பாதம் மட்டும் வராது.

அமைப்பு: 40 முதல் 60 ஹெர்ட்ஸ், துடிப்பு அகலம் 200 முதல் 300 மைக்ரோவிநாடியில் தொடங்கி பாதம் எட்டாவிட்டால் 450 வரை, மின்னளவு குறுகுறுப்பு இதமாகத் தெரியும் வரை. வலிக்காகத் தூண்டுபவர் வலி போனதும் அணைத்துவிடுவார். ரத்த ஓட்டத்துக்காகத் தூண்டும்போது அந்தப் பழக்கம் உதவாது. தொடக்க வாரங்களில் இரவும் பகலும் ஓடட்டும். மல்லாந்து படுத்தால் தண்டுவடம் லீடை நெருங்கிவிடும், குறுகுறுப்பு சுரீரென்று ஏறும். நோயாளி பயந்து அணைத்துவிடுவது இந்த நேரத்தில்தான். படுக்கைக்கு ஒரு குறைந்த அமைப்பும், நடைக்கு ஒரு கூடிய அமைப்பும் போட்டுக்கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சோதனை முடிவை வலி அளவோடு மட்டும் நிறுத்தாமல், பாதம் அளப்பவர் சொன்னபடி முதல் நாளும் கடைசி நாளும் அதே இடத்தில், அதே நேரத்தில் ஆக்சிஜன் எடுங்கள். வலி பாதியாகியும் எண் அசையாவிட்டால் அதை வலிக் கருவியாக மட்டும் நினைத்து நோயாளியிடம் பேசுங்கள், கால் தப்பும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

பிறகு வரும் கோளாறுகளில் முதலிடம் லீடு நகர்வதற்கு. நங்கூரத்தை ஆழ்ந்த நார்த்திசுவில், கரையாத நூலால் தைக்க வேண்டும், கொழுப்பில் தைத்தால் நிற்காது. பக்கத்திலேயே ஒரு தளர்வான சுருள் விடுங்கள். 6 முதல் 8 வாரம் குனிதல், முறுக்குதல், கையைத் தலைக்கு மேல் தூக்குதல் கூடாது. குறுகுறுப்பு திடீரென்று மறைந்தால் முதலில் மின்தடையைப் பாருங்கள். சில நூறு ஓமிலிருந்து 1,500 வரை சாதாரணம், பல ஆயிரம் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது. மின்தடை சரியாக இருந்து, குறுகுறுப்பு மட்டும் இடம் மாறியிருந்தால் படம் எடுங்கள், லீடு இறங்கியிருக்கும். ஒல்லியான நோயாளிகளில் பேட்டரிப் பை தோலை அரித்து வெளியே வரும். ஆழமாக வைத்தாலோ, 2 செ.மீ.க்கு மேல் போனால் ரீசார்ஜ் கருவிக்குச் சார்ஜ் ஏறாது.

வைத்த அன்றோ மறுநாளோ முதுகில் கடும் வலி, கால் பலவீனம், சிறுநீர் வராமை ஏதாவது தெரிந்தால் கருவியை அணைத்துவிட்டுத் தசைவலுவைச் சோதியுங்கள். தூண்டலால் வந்த துடிப்பா, உண்மையான பலவீனமா என்பது அப்போதுதான் பிரியும். பலவீனம் நீடித்தால் உடனே ஸ்கேன், உடனே நரம்பு அறுவை நிபுணர். காலை வரை பார்க்கலாம் என்பது இங்கே கிடையாது.

---

மயக்கவியல் மாணவி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. குளிர்ந்த பாதம், இளஞ்சூடான பாதம் விஷயம் எந்த நூலிலும் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு துணைக்கேள்வி: கருவி உள்ள நோயாளிக்குப் பிறகு விரல் அகற்றும் அறுவை வந்தால் எலக்ட்ரோகாட்டரி பயன்படுத்தலாமா? கருவி இருக்கும்போது தண்டுவட மயக்கம் கொடுக்கலாமா?

---

ஊசிமுனை:

கருவியை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இருமுனைக் காட்டரி என்றால் நிம்மதி. ஒருமுனைதான் இருக்கிறது என்றால் குறைந்த திறனில், விட்டுவிட்டு. தரைத்தட்டை அறுவை நடக்கும் அதே காலின் தொடையில் ஒட்டுங்கள். மின்னோட்டம் பாதத்திலிருந்து தொடைக்குப் போகும் பாதையில் பேட்டரியோ லீடோ குறுக்கே வரக்கூடாது என்பதே கணக்கு. முடிந்ததும் கருவியைப் போட்டு மின்தடையையும் அமைப்பையும் சரிபார்த்த பிறகே வார்டுக்கு அனுப்புங்கள். பிசியோதெரபியில் குற்றலை டயாதெர்மி மட்டும் எந்தக் காலத்திலும், கருவி அணைந்திருந்தாலும் கூடாது. லீடின் நுனி சூடாகித் தண்டுவடத்தையே வேகவைத்துவிடும். இதை நோயாளியின் கையட்டையில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

விரலுக்குத் தண்டுவட மயக்கம் எதற்கு? கணுக்கால் நரம்புத் தடுப்பு போதும், அட்ரினலின் கலக்காமல். கட்டாயம் தண்டுவட மயக்கம்தான் என்றால் பழைய படத்தைப் பார்த்து, நங்கூரமும் சுருளும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு, அதற்குக் கீழே குத்துங்கள். படம் கிடைக்கவில்லையா, சி-ஆர்மை (நகர்த்தும் எக்ஸ்ரே கருவி) ஒரு நிமிடம் கொண்டுவரச் சொல்லுங்கள்.